597-இல் தொடங்கிய பள்ளியாமே, அப்படியானால் நம் பள்ளிக்கு எந்த ஆண்டைப் போடுவது?

சுங்கைசிப்புட்காரன்:
வணக்கம். இங்கே மலேசியாவில் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம். அட்டையில் 'தோற்றம்' என்று எந்த ஆண்டைப் போடுவது என்பதிலேயே இரண்டு கூட்டம் சண்டையில் முடிந்துவிட்டது. கல்வி இலாகாவின் பதிவுக் கடிதத்தில் இருப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டு. பெரியவர்களோ, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒருவர் சாயங்காலம் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார், பள்ளி பிறந்தது அங்கேதான் என்கிறார்கள். இதில் ஒரு தம்பி, இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராலயத்தை ஒட்டிய கிங்ஸ் ஸ்கூல் 597-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறதே, அவர்களே அப்படிக் கணக்குப் போட்டால் நமக்கென்ன என்று கேட்டான். 597 என்றால் ஏறக்குறைய நம் மகேந்திரவர்ம பல்லவன் காலம்! உண்மையா, கதையா?

கிராணிமகன்:
பாதி உண்மை. 597-இல் போப் கிரிகோரி அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி இங்கிலாந்தின் கென்ட் கரையில் வந்து இறங்கினார், அரசன் ஏதல்பெர்ட் இடம் கொடுத்தான், கேன்டர்பரியில் ஆலயமும் மடமும் எழுந்தன. மடம் என்றால் லத்தீன் படிக்கப் பையன்கள் இருந்திருப்பார்கள், அப்போ பள்ளியும் இருந்திருக்கும் என்பது வாதம். உங்கள் மண்டபத்துக் கிராணி கதை மாதிரியேதான். காகிதத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஆண்டு 1541. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த மடமும் போனது, பேராலயத்தை ஒரு டீன் (தலைமைக் குரு) பொறுப்பில் புதிதாக அமைத்து, கூடவே ஒரு பள்ளியையும் அதில் 50 பேருக்கு அரசர் பெயரில் உதவித்தொகையையும் ஏற்படுத்தினார்கள். 'கிங்ஸ்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இன்றும் பள்ளி பேராலய வளாகத்தில்தான் இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டு நார்மன் படிக்கட்டுகூட அங்கே அப்படியே நிற்கிறது. இந்த ஆண்டுப் பெருமை அவர்களுக்கு மட்டும் இல்லை, ராச்செஸ்டரில் ஒரு பள்ளி 604 என்கும், யார்க்கில் ஒன்று 627 என்கும்.

தெலுக்இந்தான்அக்கா:
தம்பி, ஆண்டு கிடக்கட்டும், எனக்குப் பிடித்தது வேறு. 1541-இல் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சில பெரிய மனிதர்கள், உழவன் மகன் ஏர் பிடிக்கட்டும், படிப்பு மேட்டுக்குடிப் பிள்ளைக்குப் போதும் என்றார்களாம். பேராயர் கிரான்மர் விடவில்லை. பணக்காரப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையென்றால் ஏறுகிற ஏழைப் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடு என்று நின்றார். 1579-இல் அங்கே உதவித்தொகையில் சேர்ந்த கிறிஸ்டோபர் மார்லோ செருப்புத் தைப்பவர் மகன், பிறகு பெரிய நாடகாசிரியர். இன்றைக்கு விடுதிக் கட்டணம் ஆண்டுக்கு 40,000 பவுண்டைத் தாண்டுகிறது, செருப்புத் தைப்பவர் மகன் எட்டி நின்று பார்க்க வேண்டியதுதான்!

நம் பக்கம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் பாசத்தில் ஒன்றும் பள்ளி கட்டவில்லை. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. என் அம்மா படித்தது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் பலகைக் கட்டடம், வாத்தியார் ஒருவரே, மழை பலமாகப் பெய்தால் தகரச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும்.

செம்பனை:
கேன்டர்பரி கிங்ஸ் ஸ்கூலில் திக்குவாயோடு படாத பாடு பட்ட ஒரு பையன்தான் பின்னாளில் மலாயா வந்து துரைமார் பங்களாக் கதைகளாக எழுதித் தள்ளிய சாமர்செட் மாம். அத்தனை பட்டும் அவர் அஸ்தி அந்தப் பள்ளி வளாகத்தில்தான் இருக்கிறது. கதைகளில் துரை உண்டு, துரைசானி உண்டு, பால்மரம் வெட்டினவனைத் தேடத்தான் வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேன்டர்பரிக்காரர்கள் 597-ஐச் சொன்னாலும் 1541-ஐ ஒளிப்பதில்லை. நீங்களும் கோயில் வகுப்புக்கு ஒரு வரி, பதிவுக்கு ஒரு வரி என்று இரண்டையும் போடுங்கள். ஆனால் கிராணி பாடம் நடத்தியதற்கு வாய்ப்பேச்சைத் தவிர ஏதாவது இருக்கிறதா?

சுங்கைசிப்புட்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணன்களே. கேட்டுப் பார்த்தேன், மண்டபத்து விளக்குக்கு எண்ணெய் வாங்கிய கணக்கு உட்பட கோயிலின் பழைய வரவுசெலவு நோட்டு முன்னாள் தலைவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறதாம். கறையான் விட்டு வைத்திருந்தால், சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.