கோல்ஃபில் அயர்ன் அடித்தால் பந்து இடப்பக்கமே போகிறது: கிளப் எனக்குப் பொருந்தவில்லையா?

டல்லாஸ்வாசி:
வணக்கம் நண்பர்களே. நான் கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன வலக்கை ஆட்டக்காரன், உயரம் 5 அடி 4 அங்குலம். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் புது செட் வாங்கியதும் தம்முடைய பழைய பிங் நிறுவன அயர்ன்களை (உலோகத் தலை கொண்ட கிளப்புகள்; எண் கூடக்கூட முகத்தின் சாய்வும் கூடும்) எனக்குக் கொடுத்தார். அவர் ஆறடிக்கும் மேல். அன்றிலிருந்து ஒரே தொல்லை. 5 அயர்ன் சற்றே இடப்பக்கம் போகிறது, 7 அயர்ன் இன்னும் கொஞ்சம். 9 அயர்னிலும் அதைவிட முகம் சாய்ந்த பிட்சிங் வெட்ஜிலும் அடித்த பந்து, குழி இருக்கும் புல்தரையான கிரீனைத் தொடுவதே இல்லை. தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டும் நேராகப் போகிறது. பிடியிலும் நிற்கும் நிலையிலும் குறையில்லை என்கிறார் பயிற்சியாளர். கிளப் நீளமாக இருப்பதுபோல் தோன்றுவதால் கிளப்புக்கு ஓர் அங்குலம் என்று எல்லாவற்றையும் ரம்பத்தால் அறுத்துவிடலாமா? இன்னொன்று: ஒவ்வொரு கிளப்பிலும் சிறிய பச்சைப் புள்ளி இருக்கிறது. அது எதற்கு?

பட்டறைக்காரன்:
ரம்பத்தை எடுக்காதீர்கள்! நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தப் புள்ளி அலங்காரம் அல்ல, லை கோணத்தின் குறியீடு. கிளப்பின் அடிப்பாகம் தரையில் சமமாக அமரும்போது ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) தரையோடு எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பதுதான் லை. பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வண்ண முறை இது. கறுப்பு இயல்பான அளவு. சிவப்பு அதைவிடப் படுத்தது, நீலம் அதைவிட நிமிர்ந்தது. பச்சை, கறுப்பைவிட இரண்டு டிகிரி அளவுக்கு நிமிர்ந்தது. உங்கள் நண்பரின் உயரத்துக்கு அது சரி. உங்கள் கையில் அதே கிளப் தலையின் நுனி (உங்களிடமிருந்து தள்ளியிருக்கும் முனை) தூக்கிக்கொண்டு, குதிகால் (தண்டு சேரும் முனை) பக்கம் தரையில் உரசும். நுனி தூக்கினால் முகம் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட், அதாவது முகத்தின் பின்சாய்வு, கூடக்கூட இந்த விலகலும் கூடும். 9 அயர்ன் அதிகமாக விலகுவதும், பத்து டிகிரி சொச்சம் லாஃப்ட் உள்ள டிரைவர் நேராகப் போவதும் இதனால்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒயிட் போர்டு மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். அது செங்குத்தாக, கிளப் முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். கோடு கிளப் முகத்தில் பதிந்துவிடும். முகத்தில் உள்ள பள்ளக் கோடுகளுக்குச் செங்குத்தாகப் பதிந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை நுனிப் பக்கம் சாய்ந்தால் லை அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. குதிகால் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது.

ஞாயிறு ஆட்டம்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓராண்டு, ஈராண்டு ஆடுபவர் கிளப்பைக் குறைசொல்வதைவிடப் பாடம் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்விங் (கிளப்பை வீசும் விதம்) மாறினால் அளவும் மாறும், கொடுத்த காசு வீண். ஷாஃப்ட் நெகிழ்வும் உங்களுக்குப் பொருந்தாததாக இருக்கலாம்.

பட்டறைக்காரன்:
ஷாஃப்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது பிறகு பார்க்கவேண்டியது. ரெகுலர், ஸ்டிஃப் என்ற நெகிழ்வுப் பெயர்களுக்குப் பொதுத் தரமே கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலராக இருக்கும். ஸ்விங் வேகம் நிலைப்பட்ட பிறகு, பந்தின் வேகத்தையும் பாதையையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டரில் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் லை அப்படியல்ல. பந்து இடப்பக்கம் போவதைப் பார்த்துப் பார்த்து, உடல் தானாகவே முகத்தைத் திறந்து அடிக்கப் பழகிவிடும். பிறகு நல்ல பயிற்சியாளர் கிடைத்தாலும் முதலில் அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். புதியவருக்குத்தான் இது அவசரம்.

டல்லாஸ்வாசி, ஃபிட்டரிடம் (கிளப்பை ஆளுக்கேற்ப அளந்து சரிசெய்பவர்) வரிசை முக்கியம் என்று சொல்லுங்கள். முதலில் நீளம், பிறகு லை. அரை அங்குலம் குறைத்தாலே லை ஏறக்குறைய ஒரு டிகிரி படுத்ததுபோல் ஆகிவிடும். லையை முதலில் வளைத்துவிட்டுப் பின்னர் அறுத்தால் அளவு தாண்டிப்போகும். அரை அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட்டும் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றும் என்ற அளவு) மூன்று புள்ளி அளவு குறையும், தலை லேசாகத் தோன்றும்; அதனால் ஓர் அங்குலத்தை ஒரேயடியாக அறுப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்து சொல்லும் எண் தொடக்கம் மட்டுமே. அடிக்கும் கணத்தில் பெரும்பாலோருக்குக் கை, நின்ற நிலையைவிட உயரும். ஆகவே லை போர்டில் (அடிப்பாகம் உரசும் தடத்தைக் காட்டும் பலகை) அடித்துப் பார்த்து முடிவு செய்பவரிடம் போங்கள். பிங் அயர்ன்கள் பெரும்பாலும் வார்ப்பு எஃகு. மென்மையான ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) எஃகுபோல் எளிதில் வளையாது, அதற்குரிய இயந்திரத்தில்தான் வளைக்க வேண்டும். வளைத்தபின் லாஃப்டையும் அளக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடி:
கிரிப் (கைப்பிடி உறை) அளவையும் கேளுங்கள். ஆறடி மனிதர் என்றால் தடித்த கிரிப் போட்டிருக்க வாய்ப்புண்டு. இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரல் மேட்டை இலேசாகத் தொடவேண்டும். தொடவே இல்லையென்றால் உங்களுக்குத் தடிமன் அதிகம்.

டல்லாஸ்வாசி:
அனைவருக்கும் நன்றி. மார்க்கர் சோதனையில் கோடு நுனிப் பக்கம் நன்றாகவே சாய்ந்து பதிந்தது. சனிக்கிழமை ஒரு ஃபிட்டரிடம் போனேன். கிளப்புகள் இயல்பைவிட அரை அங்குலம் நீளமானவை. கிளப் தலையின் கழுத்தில் உள்ள வரிசை எண்ணைக் கொண்டு பழைய அளவுகளையும் உறுதிசெய்தார். அரை அங்குலம் குறைத்து, கிரிப்பை மாற்றி, அதன்பிறகே லை போர்டில் அடிக்கச் சொன்னார். குதிகாலில் இருந்த உரசல் தடம் நடுவை நோக்கி நகர்ந்திருந்தாலும் முழுதாக வரவில்லை. இன்னும் ஒரு டிகிரி வளைத்தார். அடுத்த 7 அயர்ன் கொடியை நோக்கிப் பறந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. செலவும் புது செட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மணல் குழியிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜ் மட்டும் இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது. அது தனியாக வாங்கிய வேறு நிறுவனத்துக் கிளப்.

பட்டறைக்காரன்:
மகிழ்ச்சி. லாஃப்ட் மிக அதிகமான கிளப் என்பதால் சிறு பிழைகூட அதில் பெரிதாகத் தெரியும். அதையும் மார்க்கர் கோட்டில் சோதித்து, சாய்ந்தால் அதே ஃபிட்டரிடம் கொடுங்கள். பிட்சிங் வெட்ஜோடு ஒப்பிட்டு லையை அமைக்கச் சொல்லுங்கள்.