‘என்கோமியெண்டா’வுக்கு ‘நிலமானியம்’ பொருந்துமா?

அன்புடையீர்,

தொடக்க நவீனகாலப் பேரரசுகளுக்கான சொற்பட்டியலில், ஸ்பானியரின் ‘என்கோமியெண்டா’வுக்கு ‘நிலமானியம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. பழகிய சொல்தான் என்றாலும், அதை ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்கோமியெண்டாவில் நிலம் வழங்கப்படவே இல்லை.

அமெரிக்காவில் ஸ்பானிய அரசு தன் படைவீரருக்கு வழங்கியது, ஒரு தலைவரையும் அவருக்குக் கீழிருந்த பூர்வகுடிகளையும்தான். அவர்களிடம் திறை பெறவும் வேலை வாங்கவும் அப்படைவீரருக்கு உரிமை உண்டு. பதிலுக்கு அவர்களைக் காத்துக் கிறித்தவ சமயம் கற்பிக்க வேண்டும் என்பது ஏட்டில் எழுதிய கடமை. ஸ்பானிய அரசு 1512இல் இயற்றிய பூர்கோஸ் சட்டங்களைப் படித்தால் இதன் இயல்பு விளங்கும். சுரங்கத்தில் 5 மாதம் உழைத்தவருக்கு 40 நாள் ஓய்வு தர வேண்டும். நான்கு மாதம் கடந்த கர்ப்பிணிகளைச் சுரங்கத்துக்கு அனுப்பக்கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ பெற்றவர், அவர்களுள் ஒரு சிறுவனுக்கேனும் எழுதப் படிக்கக் கற்பிக்க வேண்டும். கணக்கு முழுவதும் ஆள்களை வைத்தே நடக்கிறது. வயலின் பரப்பை வைத்து அன்று.

இவ்வுரிமை வாரிசுகளுக்குச் செல்லாது என்று 1542ஆம் ஆண்டின் புதிய சட்டங்கள் அறிவித்தபோது, பெருவில் கொன்சாலோ பிசாரோவின் தலைமையில் கலகம் மூண்டு, 1546இல் அரசப் பிரதிநிதி பிளாஸ்கோ நூனியஸ் வேலா கொல்லப்பட்டார். ‘நிலமானியம்’ என்று படிக்கும் மாணவர் இதை நிலத்தகராறு என்றே எண்ணுவார். மனிதரின் உழைப்பைத் தம் குடும்பச் சொத்தாக்கிக்கொள்ள நடந்த போர் என்பது அவர் கண்ணுக்குப் படாது.

அந்தச் சொல் உண்மையில் பொருந்துவது, கனடாவில் பிரெஞ்சுக்காரர் நடத்திய ‘செனியூரி’ என்ற நிலமுறைக்கு. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் ஒவ்வொரு குடும்பமும் ஆற்றைத் தொடும்படி நிலத்தை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, பிரான்சிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தினார்கள். உழவர் நிலக்கிழாருக்கு ஆண்டுதோறும் குத்தகை செலுத்தினார். அவருடைய ஆலையிலேயே தானியத்தை அரைத்து, 14இல் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்தார். சுற்றியிருந்த பூர்வகுடிகள் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் தோல் வணிகம் அவர்களுடைய வேட்டையையும் படகுப் பாதைகளையும் நம்பியிருந்ததால், அவர்களோடு பரிசில்களாலும் உடன்படிக்கைகளாலும் உறவு பேண வேண்டியிருந்தது. 1701இல் மான்ட்ரியலில் ஏறத்தாழ 40 இனக்குழுக்களுடன் செய்த அமைதி உடன்பாடு அதன் உச்சம். இதனால் பிரெஞ்சுப் பேரரசு கருணை மிக்கது என்று எவரும் எழுதிவிட வேண்டாம். கரீபியத் தோட்டங்களின் அடிமைமுறைக்கு 1685இல் சட்டம் வகுத்ததும் அதே அரசுதான்.

என்கோமியெண்டாவுக்கு நான் முன்வைப்பது ‘குடியொப்படை’. ஸ்பானிய மூலச்சொல்லின் பொருள் ஒப்புவித்தல், ஒப்புவிக்கப்பட்டவர்கள் குடிகள். இலங்கை நண்பர்கள் ‘ஒப்படை’யை மாணவருக்குத் தரும் பணிக்கு வழங்குகிறார்கள் என்பதை அறிவேன், ‘குடி’ முன்னே நிற்பதால் மயக்கம் வராது. அதைப் பெற்றவரைக் ‘குடியொப்படையாளர்’ என்றால் ஒப்படைத்த அரசர் என்றும் பொருள்படும். ஆகவே பங்குதாரர், உரிமைதாரர் என்பவற்றின் வழியில் ‘குடியொப்படைதாரர்’ என்பதே தெளிவு.

இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் திரட்டிய ‘மீட்டா’வை இதே பதிவில் சேர்க்கக்கூடாது. 1570களில் அரசப் பிரதிநிதி தொலேடோ வகுத்த அந்த முறையில், குறித்த மாவட்டங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் போக வேண்டும்; ஆளை ஒதுக்கியது அரசே. அதை ‘வெட்டி’ என்றும் சொல்ல முடியாது. சோழர் கல்வெட்டுகளின் ‘வெட்டி’ கூலியற்ற வேலை. மீட்டாவிலோ சொற்பக் கூலி உண்டு. ஸ்பானியருக்கு முன் அங்கு ஆண்ட இன்காக்களின் காலத்திலிருந்தே அது முறைவைத்துச் செய்த வேலையாதலால், ‘முறையூழியம்’ எனத் தனிப்பதிவாக இடலாம் என்று முன்மொழிகிறேன்.