வயரே இல்லாத இடத்தில் வைரஸா?

மேட்டூரான்: "மேட்டூர் அனல்மின் நிலையத்தை ஒரு லேப்டாப்பை வைத்தே நிறுத்திவிடலாம்" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். கண்ட்ரோல் ரூமில் நைட் ஷிப்ட் பார்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன். மிஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டுக்கும் வயரே கிடையாது.

செவ்வாப்பேட்டை: அந்த மேதாவி நான்தான் அண்ணா. ஈரானின் நதான்ஸ் யுரேனியம் ஆலையிலும் வயர் கிடையாது. ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பென் டிரைவிலேயே பரவியது. யுரேனியத்தைச் செறிவூட்டுகிற சென்ட்ரிஃபியூஜ் மிஷின் தாறுமாறாகச் சுற்றி வீணாய்ப் போனது, திரையில் மட்டும் எல்லாம் சரி என்று காட்டியது. 2010இல்தான் வெளியே தெரிந்தது.

மேட்டூரான்: வயர் இருந்ததா, இல்லையா?

செவ்வாப்பேட்டை: இல்லை. இல்லாமலேதான்...

மேட்டூரான்: இல்லை என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி தம்பி.

ஏற்காடு காப்பி: காற்றடித்தாலே எங்கள் மலையில் கரண்ட் போகிறதே, அது எந்த நாட்டுச் சதி?

மேட்டூரான்: சில்வர் ஓக் கிளையை வெட்ட விடாத எஸ்டேட்காரர்கள் சதி.

ஏற்காடு காப்பி: எங்கள் கேட் திறந்துதான் கிடக்கிறது. வெட்ட ஆள் வந்தால்தானே!

இரும்பாலை ரோடு: 2015 டிசம்பரில் உக்ரைனில் இரண்டேகால் லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. ஆபரேட்டர் கண்ணெதிரே மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்தது. ஆரம்பம் ஆபீஸுக்கு வந்த ஒரு ஈமெயில்.

மேட்டூரான்: அப்புறம் கரண்ட் எப்படி வந்தது? ஆட்கள் சப்ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்க் கையால் போட்டார்கள். சில மணி நேரத்தில் வந்துவிட்டது. கையால் போடத் தெரிந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்களே, அங்கே போய்ச் சொல்லுங்கள்.

செவ்வாப்பேட்டை: பேச்சை மாற்றாதீர்கள். 2019இல் கூடங்குளத்தில் வைரஸ் புகுந்ததா, இல்லையா? முதல் நாள் மறுத்தார்கள், மறுநாள் ஆமாம் என்றார்கள்.

மேட்டூரான்: நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரில். உலையை இயக்கும் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று அதே அறிக்கையில் இருக்கிறது. ஏன் போகவில்லை? வயர் இல்லை.

செவ்வாப்பேட்டை: பென் டிரைவ் அண்ணா, பென் டிரைவ்! சர்வீஸுக்கு வருகிற பையன் ராத்திரி படம் பார்த்த லேப்டாப்பையே காலையில் பேனலில் மாட்டுகிறான். மாமா மில்லில் கண்ணால் பார்த்தேன்.

மேட்டூரான்: மாமா மில்லும் மின் நிலையமும் ஒன்றா? போன ஆடிப்பெருக்குக்கு "டேம் உடையப்போகிறது" என்று வாட்ஸ்அப் செய்தியை இங்கே போட்டவர்தானே நீங்கள்?

செவ்வாப்பேட்டை: கேள்விக்குறியோடு போட்டேன்.

மேட்டூரான்: கேள்விக்குறி எங்கே? ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

இரும்பாலை ரோடு: போடுங்கள் பார்ப்போம்.

மேட்டூரான்: போடுகிறேன். அதற்கு முன் அவர் வயரைக் காட்டட்டும்.