அதே வகுப்பு, அதே பாடம், வேறு சம்பளம்: சார்ட்டர் பள்ளியில் யாரிடம் கேட்பது?

கணக்கு டீச்சர்:
கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம், அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் ஒரு சார்ட்டர் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மதுரையில் 9 வருஷம் பாடம் நடத்தியதை இங்கே சேர்த்துக்கொள்ளவே இல்லை, புதுசாக வந்தவள் சம்பளம்தான். போன ஆகஸ்டில் அடுத்த அறைக்கு ஒருவர் வந்தார். உள்ளூரில் 4 வருஷ அனுபவம், என்னைவிட 6,000 டாலர் கூடுதல். அவரே பேச்சுவாக்கில் சொன்னார். எச்ஆரிடம் போனால், "சம்பளத்தைப் பற்றி ஆசிரியர்கள் பேசிக்கொள்ளக் கூடாது" என்கிறார்கள். சம்பள அட்டவணையை யாரும் கண்ணில் காட்டியதில்லை. இயக்குநர் சம்பளமோ பரம ரகசியம்.

பழைய போர்டு மெம்பர்:
வேறொரு சார்ட்டர் பள்ளியின் போர்டில், அதாவது நிர்வாகக் குழுவில், பெற்றோர் சார்பாக இருந்தவன் நான். எச்ஆர் சொன்னது சும்மா மிரட்டல், மேடம். கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டம் 232-ஆம் பிரிவுப்படி, உங்கள் சம்பளத்தை நீங்கள் வெளியே சொல்வதைத் தடுக்க முடியாது. 2023 ஜனவரி முதல், நீங்கள் பார்க்கும் வேலைக்கான சம்பள வரம்பைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள். வராந்தாவில் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும்.

இயக்குநர் சம்பளமும் ரகசியமில்லை. 2019-இல் வந்த எஸ்பி 126 என்ற மாநிலச் சட்டத்தால் பொது ஆவணச் சட்டமும் திறந்த கூட்ட விதிகளும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும். லாப நோக்கற்ற அமைப்பு என்றால் பெரும்பாலும் ஃபார்ம் 990 என்ற வருடாந்திர வரிக் கணக்குப் படிவத்தில் தலைமைப் பொறுப்பாளர்களின் சம்பளம் இருக்கும், இணையத்திலேயே பார்க்கலாம். அதே அளவு பள்ளிகளில் என்ன தருகிறார்கள் என்று ஒப்பிட்டு, முடிவைப் பதிவு செய்வதுதான் ஒழுங்கான போர்டின் வேலை. எங்கள் போர்டில் அதற்கே ஒரு மாலை முழுக்கச் சண்டை.

ஃப்ரீமாண்ட் வாத்தியார்:
ஒரு எச்சரிக்கை. சம ஊதியச் சட்டம் பால், இனம் காரணமாக வரும் வித்தியாசத்தைத்தான் தடுக்கிறது. அனுபவத்தைக் காரணம் காட்டி அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதனால், "வெளிநாட்டு அனுபவத்தை எந்த விதிப்படி கழித்தீர்கள்? மற்றவர்களுக்கும் அதே விதிதானா?" என்று எழுத்தில் கேளுங்கள். மதுரைப் பள்ளியின் பணிச் சான்றிதழையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.

கணக்கு டீச்சர்:
சரி, மெயில் போடுகிறேன். மே மாதம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். அது முடிந்த பிறகு கேட்பது நல்லதோ?

பழைய போர்டு மெம்பர்:
வேண்டாம், அதற்கு முன்னாலேயே கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த வருஷம்தான். கேட்டதற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம், ஆகவே ஆதாரத்துக்கு மெயிலின் நகலைச் சொந்தக் கணக்குக்கும் அனுப்பி வையுங்கள்.