ஷெரிஃப்புக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஜோசஃபைன் கவுன்டி வரித் தகராறு

ஹில்ஸ்போரோவாசி:
அமெரிக்காவின் ஓரெகான் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் ஜோசஃபைன் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. கிரான்ட்ஸ் பாஸ்தான் தலைமை ஊர், மக்கள் தொகை சுமார் 88,000. மத்திய அரசு கொடுத்துவந்த உதவிப் பணம் சுருங்கியதும், 2012 மே மாதம் ஷெரிஃப் (கவுன்டி போலீஸ் தலைவர்) அலுவலகத்தை நடத்தக் கூடுதல் சொத்து வரி கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் முடியாது என்றுவிட்டார்கள். காவலர்களில் பெரும்பாலோருக்கு வேலை போனது, சிறையிலிருந்து கைதிகளை வெளியே விட்டார்கள், ரோந்து வார நாட்களின் பகலோடு சரி. அந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஒரு பெண் அவசர எண் 911-ஐ அழைத்தார். முன்னாள் காதலன் வீட்டுக்குள் புகுந்துவிடுவான் என்று கெஞ்சினார். அனுப்ப ஆளில்லை என்பதுதான் பதில். மாநிலப் போலீஸிலும் அந்த நேரத்தில் ஆளில்லை. அவன் உள்ளே வந்து தாக்கினான்.

அதற்குப் பிறகாவது மனம் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். 2013, 2014, 2015 என்று மூன்று முறை கேட்டார்கள், மூன்றும் தோல்வி. கவுன்டியின் நிரந்தரச் சொத்து வரி, வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 58 சென்ட் சொச்சம்தான். வரி மதிப்பு 2 லட்சம் டாலர் என்றால் வருடத்துக்கு 117 டாலர். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கணக்குப்பிள்ளை:
ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள் சார். அந்த 58 சென்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா?

கவுன்டி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மத்திய அரசே சொந்தக்காரர். அதற்குச் சொத்து வரி போட முடியாது. அதில் ஒரு பெரும்பகுதி ஒரு காலத்தில் ஓரெகான்-கலிஃபோர்னியா ரயில்வேக்கு மானியமாகக் கொடுத்த நிலம். குடியேறுகிறவர்களுக்கு 160 ஏக்கருக்கு மிகாமல், ஏக்கர் இரண்டரை டாலருக்கு மேல் போகாமல் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனி அதை மீறியது, 1916-ல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனியிடம் வரி வாங்கிக்கொண்டிருந்த கவுன்டிக்கு வரி போச்சு. அதற்கு ஈடாகத்தான் 1937 சட்டம். அந்தக் காட்டு மரத்தை விற்கும் பணத்தில் 75 சதவீதம் கவுன்டிகளுக்கு என்று எழுதினார்கள். நடைமுறையில் 1950-களிலிருந்து பாதி கிடைத்தது.

மரப் பணம் கொட்டிய காலத்தில் வீட்டுக்காரரிடம் வரி கேட்க அவசியமே இல்லை. அதனால் விகிதம் அடிமட்டத்தில் கிடந்தது. 1997-ல் மாநிலம் முழுக்க ஓட்டுப்போட்டு 'மெஷர் 50' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கவுன்டியின் விகிதமும் அன்றைய கணக்குப்படி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. வரி மதிப்பும் வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இன்றைக்கு கவுன்டியை நடத்தும் கமிஷனர்கள் தலைகீழாக நின்றாலும் 58-ஐ 60 ஆக்க முடியாது. சில வருடங்களுக்கான தற்காலிக வரிதான் கேட்கலாம், அதுவும் வாக்கெடுப்பில். ஓரெகானில் விற்பனை வரியும் கிடையாது. இதில் கஞ்சத்தனம் எங்கே வந்தது?

ஹில்ஸ்போரோவாசி:
விகிதத்தை நிறுத்தியது சட்டம், சரி. தற்காலிக வரியைத் தோற்கடித்தது யார்? 2013-ல் கேட்டது ஆயிரத்துக்கு 1.48 டாலர். அதே 2 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 296 டாலர், மாதம் 25 டாலர்கூட இல்லை.

வழிப்போக்கன்:
சம்பளம் எவ்வளவு வாங்கிக்கொண்டு இந்த 25 டாலர் கணக்குப் போடுகிறீர்கள் அண்ணே? அங்கே ஓய்வுபெற்றவர்கள் நிறைய. கிரான்ட்ஸ் பாஸ் நகரத்துக்குள் இருப்பவருக்கு நகரப் போலீஸ் தனியாக உண்டு, அதற்குத் தனியாகக் கட்டுகிறார். கவுன்டி முழுக்க விழும் வரி அவருக்கு இரண்டாவது தடவை. நகரத்துக்கு வெளியே இருப்பவர்களில் பலருக்குத் தீயணைப்புகூட தனியார் கம்பெனிக்குச் சந்தா கட்டித்தான். உங்கள் ஊர் ஹில்ஸ்போரோவில் இன்டெல் ஆலைகளுக்கே 1990-களிலிருந்து சொத்து வரிச்சலுகை. அதை முதலில் கேளுங்கள்.

ஹில்ஸ்போரோவாசி:
இன்டெல் சலுகைக்குப் பதிலாக கவுன்டிக்குத் தனிக் கட்டணம் கட்டுகிறது, வேலையும் கொடுக்கிறது. திசை திருப்பாதீர்கள். இரட்டை வரி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நகரத்துக்காரர் பிடித்துக் கொடுக்கும் திருடனை அடைப்பது கவுன்டி சிறையில்தான்.

மழைக்காடன்:
கணக்குப்பிள்ளை சொன்ன வரலாற்றில் ஒரு துண்டு விட்டுப்போச்சு. 1990-ல் அந்தப் பழைய காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் வந்தது, 1994-ல் மத்திய அரசுக் காடுகளில் வெட்டைக் கட்டுப்படுத்தும் வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்தது, மரம் வெட்டு படுத்துவிட்டது. அப்போதும் காங்கிரஸ் கைவிடவில்லை. 2000-ல் ஒரு சட்டம் போட்டு, மரம் வெட்டாமலே பணம் கொடுத்தது. அது ஆறு வருடத்துக்கான இடைக்கால ஏற்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். பிறகும் நீட்டித்து நீட்டித்து, தொகையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அத்தனை காலத்தில் கவுன்டி என்ன மாற்று தேடியது? பழைய காலம் திரும்பிவரும் என்று உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
மாற்று என்று சொல்வது சுலபம். அந்தக் கவுன்டியின் கேவ் ஜங்ஷன் ஊரில் 'ரஃப் அண்ட் ரெடி' என்று ஒரு மர அறுவை மில், 1922-லிருந்து ஓடியது. கவுன்டியில் கடைசியாக மிஞ்சியது அதுதான். சுற்றிலும் காடு. ஆனாலும் மரக்கட்டை போதவில்லை என்று 2013-ல் மூடினார்கள், 2014-ல் திறந்தார்கள், 2016-ல் மறுபடி மூடினார்கள். 1937 சட்டம் அந்த நிலத்தை நிரந்தர மர உற்பத்திக்கு என்றே சொல்கிறது. மத்திய அரசு நிலத்தையும் கொடுக்காது, மரத்தையும் கொடுக்காது, பணத்தையும் குறைக்கும். அப்புறம் அந்த மக்களைப் பார்த்து 'ஏன் கட்டவில்லை' என்று கேட்பீர்கள்.

மழைக்காடன்:
அந்த 1937 சட்ட வாதத்தைத்தான் மரக் கம்பெனிகளும் கவுன்டிகளும் கோர்ட்டில் வைத்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை, 2024-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. அந்தக் கதவு சாத்தியாச்சு.

வழிப்போக்கன்:
நூலகக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் பணமில்லை என்று கவுன்டி நான்கு நூலகங்களையும் மூடியது. ஊர்க்காரர்களே ஒரு தொண்டு அமைப்பு வைத்து, நன்கொடை வாங்கி, தன்னார்வலர்களை வைத்து மறுபடி திறந்தார்கள். 2017-ல் நூலகத்துக்கென்றே தனி வரி மாவட்டம் (அதற்கு மட்டும் வரி வாங்கும் தனி அமைப்பு) கேட்டார்கள், ஆயிரத்துக்கு 39 சென்ட். ஜெயித்தது! அதே வருடம் சிறைக்கும் சிறார் காப்பகத்துக்கும் 93 சென்ட் கேட்டார்கள், அதுவும் ஜெயித்தது. ஆக, இவர்கள் வரியே கட்டமாட்டேன் என்பவர்கள் இல்லை. கவுன்டி பொதுக் கஜானாவில் போட்டால் எங்கே போகும் என்று தெரியாது, அதுதான் பயம். இன்னதற்கு என்று பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஹில்ஸ்போரோவாசி:
2012-லும் 2013-லும் ஷெரிஃப் பெயரைச் சொல்லித்தானே கேட்டார்கள்? நீங்கள் சொன்ன அந்த 93 சென்ட்டில் ரோந்துக்கு ஒரு காசு கிடையாது. பிடித்துவந்தால் அடைக்க இடம் இருக்கிறது, ராத்திரி போன் வந்தால் பிடிக்கப் போக ஆள் வேண்டாமா?

வழிப்போக்கன்:
அதை அப்போதே நகரத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் மட்டும் தனி மாவட்டமாகக் கேட்டிருந்தால் நானே அவர்களுக்காக வாதாடியிருப்பேன். கவுன்டி முழுக்கக் கேட்டு, நகரத்துக்காரர் ஓட்டால் தோற்றார்கள்.

கணக்குப்பிள்ளை:
நகரத்துக்காரர் ஓட்டு மட்டுமா? 2013-ல் தோற்றது 51-க்கு 49. வெளியே இருந்தவர்களில் எத்தனை பேர் 'துப்பாக்கி இருக்கிறது, ஷெரிஃப் எதற்கு' என்று போட்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.