ஆடிக் காற்றிலும் காற்றாடி வேகம் எடுக்கவில்லை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை: யாராவது வழி சொல்லுங்கள்

அஞ்செட்டி விவசாயி

வணக்கம். எங்கள் நிலம் அஞ்செட்டிக்கு மேலே மலையோரத்தில் இருக்கிறது. லைன் கரண்ட் அதுவரை வரவில்லை. வைத்திருப்பது 24 வோல்ட் சிஸ்டம். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி நான்கு, இரண்டிரண்டாக சீரியஸில் போட்டு பேரலல் செய்தது. 330 வாட் சோலார் பேனல் இரண்டு, அதற்குத் தனி கன்ட்ரோலர். கூடவே 12 மீட்டர் கம்பத்தில் கரண்ட் எடுக்கும் மூன்று இறக்கைக் காற்றாடி, இறக்கை வட்டம் 2.2 மீட்டர். காற்றாடியின் மூன்று ஒயரும் கம்பத்துக்குள் இறங்கி, நிறுத்தும் சுவிட்ச் (மூன்று ஒயரையும் ஒன்றாக ஷார்ட் செய்து காற்றாடியை நிறுத்துவது) வழியாக, அலுமினியப் பட்டையில் மாட்டிய, ஏசியை டிசியாக மாற்றும் டையோடு பிரிட்ஜுக்கு வருகின்றன. அங்கிருந்து, உபரிக் கரண்டைத் திருப்பிவிடும் டம்ப் லோடு கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் போகிறது.

போன ஆடியில் நல்ல காற்றடித்தால் 15 ஆம்பியர் வரை காட்டும். இந்த வருடம் ஒரு பெரிய இடி மழைக்கு அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. மரக்கிளை வளைகிற காற்றிலும் இறக்கை சோம்பலாகத்தான் சுற்றுகிறது. காற்று ஓங்கும்போது கம்பத்தில் 'உர்ர்' என்று ஒரு உறுமல். ஆம்ப் மீட்டர் ஒன்றைத் தாண்டுவதில்லை.

பேரிங் போய்விட்டதா, காயில் எரிந்துவிட்டதா? ஸ்டே கம்பியை அவிழ்த்துக் கம்பத்தைச் சாய்க்க நாலைந்து ஆள் வேண்டும், அதனால்தான் அதற்கு முன்னால் கேட்கிறேன். ராகி கதிர் பிடித்தால் யானை இறங்கும். அப்போது ராத்திரி முழுக்க வெளி விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

ஓசூர் சோலார்

அண்ணா, பகலில் மட்டும் இப்படியா, ராத்திரியும் இப்படித்தானா? பேனல் பேட்டரியை நிரப்பி 28 வோல்ட் தாண்டிவிட்டால், சில கன்ட்ரோலர்கள் மூன்று ஃபேஸையும் (காற்றாடியின் மூன்று ஒயரையும்) ஷார்ட் செய்து காற்றாடியைத் தாமாகவே நிறுத்திவிடும். அது கோளாறே இல்லை. விடியற்காலையில் பேட்டரி எத்தனை வோல்ட்? நிறுத்தும் சுவிட்சின் காண்டாக்ட் உருகி ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

அஞ்செட்டி விவசாயி

ராத்திரியும் அப்படியே. விடியற்காலை லோடு எல்லாம் அணைத்துவிட்டுப் பார்த்தால் 24.3. என் கன்ட்ரோலர் தானாக நிறுத்தும் வகை இல்லை, உபரியை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் வகை. சுவிட்சை இன்னும் பார்க்கவில்லை.

ஓசூர் சோலார்

அப்படியென்றால் நான் சொன்ன முதல் காரணம் இல்லை. 24.3 என்றால் பேட்டரிக்குத் தலா 12.15, பாதிக்கும் கீழே போய்விட்டது. இது சரியாகும்வரை டிவி, மிக்ஸியைக் குறைத்துக்கொள்ளுங்கள். லெட் ஆசிட் பேட்டரியை நாள்கணக்கில் அரைகுறையாக விட்டால் தகட்டில் சல்பேட் கட்டிக்கொள்ளும், அப்புறம் முழுக் கொள்ளளவு திரும்பாது.

பாலக்கோடு, மோட்டார் காயில் கட்டுபவர்

தம்பி, கம்பத்தைச் சாய்க்க வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. பேட்டரிக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தால் காற்றாடிக்குச் சுமையே இருக்காது, தறிகெட்டுச் சுற்றும், சார்ஜ் மட்டும் வராது. உங்களுடையது சுற்றவே திணறுகிறது. அப்படியானால் எங்கேயோ ஷார்ட். பேரிங் போயிருந்தால் மெல்லச் சுற்றும்போதும் கரகரவென்று கேட்கும். காற்று ஓங்கும்போது மட்டும் உறுமுவது, காயில் ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டுக் கரண்ட் இழுப்பதால்.

ஷார்ட் ஆக நான்கு இடம்தான் உண்டு: காயில், கம்பத்துக்குள் இறங்கும் ஒயர், சுவிட்ச், பிரிட்ஜ். எளிதாகக் கை எட்டும் பிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள். காற்று அடங்கிய விடியற்காலையில் மட்டும் செய்யுங்கள். நிறுத்தும் சுவிட்சைப் போட்டு இறக்கை நிற்கட்டும். பேட்டரிக்குப் போகும் காற்றாடி பியூசைக் கழற்றுங்கள், சோலார் பக்கம் கை வைக்க வேண்டாம். பிறகு பிரிட்ஜிலிருந்து மூன்று ஏசி ஒயரையும் எடுத்து, ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். இப்போது சுவிட்சை விடுவித்து, சின்னக் காற்றில் இறக்கை எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். லேசாகச் சுற்றினால் காயில், ஒயர், சுவிட்ச் மூன்றிலும் ஷார்ட் இல்லை. அப்போதும் திணறினால் கம்பத்து அடி ஜங்ஷனில் பிரித்து மறுபடி பாருங்கள்.

லேசாகச் சுற்றும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என்று அளந்துகொள்ளுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயிலில் சந்தேகம்.

அளந்து முடித்ததும் சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். ஒயரைத் திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சுமை இல்லாத காற்றாடியில் காற்று எழும்பினால் ஒயரில் நூறு வோல்ட்டுக்கு மேலும் போகும், அது உயிருக்கே ஆபத்து. இறக்கையும் அளவு மீறிய வேகத்தில் முறியும்.

பிரிட்ஜுக்குள் ஆறு டையோடு உண்டு, ஒவ்வொன்றும் கரண்டை ஒரு பக்கம் மட்டும்தான் விடும். பிரிட்ஜைத் தனியாகக் கழற்றி, மீட்டரை டையோடு மோடில் வைத்துப் பாருங்கள். சிவப்பு முனை மைனஸில், கறுப்பு முனை ஒவ்வொரு ஏசி முனையிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். சிவப்பை ஏசியிலும் கறுப்பைப் பிளஸ்ஸிலும் வைத்தாலும் அப்படியே. முனைகளை மாற்றிப் பிடித்தால் எதுவும் காட்டக்கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் அந்த டையோடு செத்துவிட்டது.

அஞ்செட்டி விவசாயி

அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். பிரிட்ஜை எடுத்ததும் இறக்கை பழையபடி லேசாக ஓடுகிறது. மூன்று ஜோடியிலும் வோல்ட் ஒன்றுபோல இருக்கிறது. டையோடு மோடில் நடு ஏசி முனைக்கும் பிளஸ்ஸுக்கும் இடையே எப்படிப் பிடித்தாலும் 0.00. மற்ற ஐந்தும் சரி. ஆனால் ஒரே ஒரு டையோடு போனதற்கு மொத்தக் காற்றாடியும் ஏன் திணறுகிறது?

பாலக்கோடு, மோட்டார் காயில் கட்டுபவர்

டையோடு ஷார்ட் ஆனதால் நடு ஃபேஸ் எப்போதும் பிளஸ்ஸோடு ஒட்டியே கிடக்கிறது. மற்ற இரண்டு ஃபேஸும் பிளஸ்ஸுக்குத் தள்ளும் கரண்ட், பேட்டரிக்குப் போகாமல் இந்த ஓட்டை டையோடு வழியாகக் காயிலுக்கே திரும்பிவிடும். நிறுத்தும் சுவிட்ச் செய்கிற வேலையைச் சுற்றுக்குப் பாதி நேரம் இது செய்கிறது. அதே ஃபேஸின் கீழ் டையோடும் போயிருந்தால் பேட்டரியே ஷார்ட் ஆகி பியூஸ் போயிருக்கும். அந்த பியூசை ஒருநாளும் நேர்க்கம்பி போட்டு இணைக்காதீர்கள்.

100 ஆம்பியர், 1600 வோல்ட் மூன்று ஃபேஸ் பிரிட்ஜ் வாங்குங்கள். ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூர் எஸ்பி ரோட்டில் கிடைக்கும். உங்களுக்கு 15 ஆம்பியர்தானே, 100 எதற்கு என்று கேட்பீர்கள். கரண்ட் எப்போதும் இரண்டு டையோடைத் தாண்டிப் போகிறது, தலைக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் விழுகிறது. 15 ஆம்பியரில் அதுவே 30 வாட் சூடு. பெரிய பிரிட்ஜ் அதைத் தாங்கும். பழைய அலுமினியப் பட்டை போதாது, மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹீட் சிங்க் போட்டு, நடுவில் தெர்மல் பேஸ்ட் மெல்லியதாகத் தடவுங்கள். ஒயர் முனையில் லக் என்ற உலோக முனையை அடித்து இறுக்குங்கள், வெறும் ஒயரைச் சுற்றி வைத்தால் அந்த இடமே சூடேறும்.

வத்தல்மலை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யானைக்காக விளக்கு என்று சொன்னீர்களே, அதற்குக் காற்றாடியை மட்டும் நம்பாதீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு, பாதியானால் எட்டில் ஒரு பங்கு. 2.2 மீட்டர் வட்டத்துக்கு நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 70, 80 வாட் கிடைத்தாலே நல்லது. காற்று 2.5 ஆகக் குறைந்தால் பேட்டரி வோல்ட்டை எட்டவே எட்டாது. நம் பக்கம், காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி இல்லை. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று கைகொடுக்கும். ராகி முற்றும் கார்த்திகையில் அந்தக் காற்று இருக்காது, மேகமும் சேர்ந்துகொள்ளும். கையில் காசு இருந்தால் இன்னொரு பேனல் போடுங்கள். அந்த மாதங்களில் அதுதான் விளக்கை எரிய வைக்கும்.

அஞ்செட்டி விவசாயி

புது பிரிட்ஜ் மாட்டியாகிவிட்டது. சாயங்காலக் காற்றில் 11 ஆம்பியர் காட்டியது, உறுமல் சுத்தமாக இல்லை. கம்பத்தைச் சாய்க்காமலேயே முடிந்தது, எல்லோருக்கும் நன்றி. பேனல் விஷயத்தையும் வீட்டில் பேசிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இடி மழைக்கு அப்புறம்தான் கெட்டது, அடுத்த இடிக்கு என்ன செய்வது? இங்கே இரண்டடி தோண்டினால் பாறை, எர்த் ராடு இறங்காது.

ஓசூர் சோலார்

ராடு இறங்காத இடத்தில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம் அண்ணா. கம்பத்து அடியிலிருந்து மண் கொஞ்சம் ஆழமாக, ஈரம் நிற்கிற பக்கமாக நீளமாகக் கொண்டு போங்கள். கரித்தூள் போட்டு மூடுங்கள், கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். கம்பம், ஸ்டே கம்பி, பேனல் ஃபிரேம் எல்லாம் அதே எர்த்தில் சேர வேண்டும். பிரிட்ஜுக்கு முன்னால் ஒவ்வொரு ஃபேஸிலிருந்தும் எர்த்துக்கு ஒரு சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். நேராக விழும் இடியை அது தாங்காது, பக்கத்தில் விழுந்து ஒயரில் ஏறும் வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பிரிட்ஜையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.