செட்டிநாட்டில் எத்தனை நர்ஸ்: பதிவேட்டை எண்ணுவதா, ஷிப்டை எண்ணுவதா?

தேனாறு (திரியைத் தொடங்கியவர்)
மாநிலத்தில் எந்த ஊரில் எத்தனை டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் இருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க வழி வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம், தொழில் செய்ய அனுமதி தரும் கவுன்சிலின் பதிவேடே போதும் என்பது என் வாதம். செவிலியர் கவுன்சில் 1926-லிருந்து பதிவு வைத்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது படிவத்தில் ஐந்து கேள்வி சேருங்கள்: இப்போது வேலையில் இருக்கிறாரா, வேலை பார்க்கும் இடத்தின் பின்கோடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவு, இன்னும் எத்தனை ஆண்டு வேலை செய்ய எண்ணம். பதில் இல்லையென்றால் புதுப்பிப்பு இல்லை. அரசு, தனியார் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வழி இது ஒன்றுதான்.

கல்லல்
அண்ணே, புதுவயல் முகவரியில் பதிவான நர்ஸ் சிங்கப்பூரில் இருந்தாலும் உங்கள் பட்டியலில் புதுவயலில்தான் இருப்பார். இன்று கேள்வி சேர்த்தாலும் எல்லாருடைய பதிலும் வந்து சேர ஐந்து ஆண்டாகும். அதற்குள் முதலில் பதில் சொன்னவர் இரண்டு ஊர் மாறியிருப்பார்.

தலையை எண்ணாதீர்கள், ஷிப்டை எண்ணுங்கள். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்பது பழைய கணக்கு. நாளைக்கு மூன்று ஷிப்ட், ஆண்டுக்கு 1,095. நிரந்தரப் பணியாளர் ஒருவருக்கு 365 நாளில் வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போனால் மிச்சம் 271. பயிற்சி, கூட்டம், காய்ச்சல் என்று 10 நாள் கழித்தால் 261. அரசு விடுமுறையை நான் கழிக்கவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து 783 ஷிப்ட். மீதி 312 ஷிப்டை யார் பார்ப்பது? ஒருவரே தொடர்ந்து 16 மணி நேரம் நிற்பார், இல்லையென்றால் பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். ஏறக்குறைய நாலேகால் பேர் தேவைப்படும் இடத்தில் "மூன்று பணியிடம், மூன்றும் நிரம்பியது, காலியிடம் பூஜ்யம்" என்று அறிக்கை போகும். காலியிடம் இல்லை என்ற அந்த ஒரு வரிதான் மேலிடத்தில் எல்லாரையும் நிம்மதியாகத் தூங்க வைக்கிறது.

தேனாறு
நீங்கள் சொல்வது தேவையின் கணக்கு தம்பி. ஆள் எங்கே இருக்கிறார் என்பது வேறு கேள்வி. காரைக்குடியில் தனியார் நர்சிங் ஹோம்களில் ஓடும் ஷிப்டை எந்த அரசு ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) பார்ப்பீர்கள்?

கோட்டையூர் செந்தாமரை
ரெண்டு பேருமே முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள். அரசு ஆட்களுக்கே ஒரே பட்டியல் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையில். காரைக்குடி தலைமை மருத்துவமனை மருத்துவப் பணிகள் இயக்ககத்தில். 2012-ல் தொடங்கிய சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககத்தில். ஒரே மாவட்டத்தில் மூன்று கோப்பு, மூன்று விதமான பதவிப் பெயர். நிரந்தரப் பணியாளர் சம்பளம் 'களஞ்சியம்' என்ற அரசுச் சம்பள மென்பொருளில் தெரியும். என்ஹெச்எம் (தேசிய சுகாதார இயக்கம்) ஒப்பந்தப் பணியாளருக்கு மாவட்ட நலவாழ்வு சங்கம் வழியாகச் சம்பளம் என்பதால் அவர் வேறு கணக்கில் இருப்பார்.

இதில் பெரிய ஓட்டை மாற்றுப்பணி. சம்பளம் ஒரு நிலையத்தில், வேலை இன்னொரு நிலையத்தில். சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தால், ஆள் இல்லாத நிலையம் நிரம்பியதாகவும், ஆள் உள்ள நிலையம் காலியாகவும் தெரியும். அடுத்தது மகப்பேறு விடுப்பு: 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். நியாயமான விடுப்பு, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் பணியிடம் "நிரம்பியது" என்றே நிற்பதால் பதிலி ஆள் கேட்க வழியில்லாமல் ஓராண்டு ஓடிவிடும்.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் இவை வேண்டும்: பணியிட எண், கவுன்சில் பதிவு எண், சம்பள நிலையம், வேலை செய்யும் நிலையம், எந்தத் தேதியிலிருந்து, நிலை (பணியில், நீண்ட விடுப்பில், பயிற்சியில்). பணியிடத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். இரண்டையும் ஒன்றாக்கினால் மாறுதல் கலந்தாய்வு முடிந்த மறுவாரமே பட்டியல் குழம்பிவிடும்.

கல்லல்
அக்கா சொல்வதை ஏற்கிறேன். மாதக் கடைசியில் ரோஸ்டரிலிருந்து "நடந்த ஷிப்ட்" என்று ஒரு கட்டமும் சேருங்கள். போட்ட ஷிப்ட் வேண்டாம், நடந்த ஷிப்ட்.

தேனாறு
தனியார் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் மருத்துவமனைகளும் பதிவு செய்துதான் ஆக வேண்டும், 2018-ல் விதிகளும் வந்துவிட்டன. அந்த விண்ணப்பத்தோடு வரும் பணியாளர் விவரத்தில் கவுன்சில் எண்ணைக் கட்டாயமாக்கினால் என் பதிவேடு தானாகச் சரியாகும். காலையில் அரசு மருத்துவமனை, மாலையில் சொந்த கிளினிக், நடுவில் இரண்டு இடத்தில் கன்சல்டன்ட் என்றிருப்பவர் நான்கு பேராக எண்ணப்படுவதும் நிற்கும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதை ஓர் ஆள் என்று வைத்து, மணி நேரத்தைப் பிரித்துப் போடலாம்.

ராயவரம்
மாவட்ட வாரியாக வகுத்தால் நம் பகுதிக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. ராயவரமும் அரிமளமும் புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் வைத்தியத்துக்குக் காரைக்குடி போகிறவர்கள் அதிகம். 10,000 பேருக்கு டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி சேர்த்து 44.5 என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவை சிவகங்கைக்குப் போட்டால், எல்லை தாண்டி வரும் நோயாளி, வகுக்கும் மக்கள்தொகையில் இருக்கவே மாட்டார். நோயாளியின் பின்கோடு புறநோயாளி சீட்டில் பதிவாக வேண்டும்.

கோட்டையூர் செந்தாமரை
சராசரியே போதாது ராயவரம். சிசேரியனுக்கு மகப்பேறு டாக்டர் இரண்டு பேர் இருந்தும் மயக்க மருந்து டாக்டர் இல்லையென்றால் அந்த இரவு தியேட்டர் மூடியதுதான், 108 மதுரைக்கு விடும். பட்டியலில் டாக்டர் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை மருத்துவம் மூன்றும் சேர்ந்து இருந்த இரவுகள் மாதத்தில் எத்தனை என்று தனியாக ஒரு எண் வேண்டும்.

தேனாறு
அந்த எண்ணை ரோஸ்டரிலிருந்துதான் எடுக்க முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவட்டத்தில் மொத்தம் எத்தனை மயக்க மருந்து டாக்டர், அவர்களில் ஐந்தாண்டில் ஓய்வு பெறுவோர் எத்தனை என்பதை எந்த ரோஸ்டரும் சொல்லாது. பதிவேட்டை விட மாட்டேன்.

கல்லல்
விட வேண்டாம் அண்ணே. மொத்தத்துக்கு உங்கள் பதிவேடு, மாதா மாதம் ரோஸ்டர், இணைக்கும் சாவி கவுன்சில் எண். நடந்த ஷிப்ட் கட்டத்தை மட்டும் நிலையத்திலேயே, 5-ஆம் தேதிக்குள், வருகைப் பதிவேட்டைப் பார்த்து நிரப்ப வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பினால் மறுபடியும் 1,095 என்றுதான் எழுதுவார்கள்.